குங்ஃபூ பள்ளி தேடுகிறீர்களா? மூன்றாம் வருட மாணவரைப் பாருங்கள்

குங்ஃபூ கற்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மாஸ்டரைத் தேடுகிறார்கள். யாரிடம் கற்றார், எத்தனை பதக்கம் வாங்கினார், வீடியோவில் எவ்வளவு உயரம் எகிறுகிறார் என்று பார்க்கிறார்கள். இதெல்லாம் அவரைப் பற்றிச் சொல்லும். அவர் நடத்தும் பள்ளியைப் பற்றி அவ்வளவாகச் சொல்லாது. நன்றாகச் செய்யத் தெரிந்தவருக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கவும் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பள்ளியின் தரம் தெரிவது அங்கே இரண்டு மூன்று வருடமாக வந்துகொண்டிருக்கும் சாதாரண மாணவரிடம். பிறவித் திறமை உள்ளவர் எந்தப் பள்ளியிலும் தேறிவிடுவார். நேற்றுச் சேர்ந்தவர் மீது பள்ளியின் பயிற்சி இன்னும் படிந்திருக்காது. சுமாரான உடம்போடு வந்து, வேலை முடித்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் பயிற்சி செய்து, மூன்றாம் வருடத்தில் நிற்கிறாரே, அவர்தான் நாளைய நீங்கள். அவரைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதித் தேடல் முடிந்தது.

இங்கே பேசுவது சமுதாயப் பள்ளிகளைப் பற்றி. சமுதாயக் கூடம், பள்ளிக்கூட மைதானம், பூங்கா, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த ஹால் என்று கிடைத்த இடத்தில் நடப்பவை. மாஸ்டருக்குப் பெரும்பாலும் வேறு தொழில் இருக்கும். கட்டணம் வாடகைக்கும் சாமான்களுக்கும்தான் போதும். இந்த மாதிரி புதிதல்ல. 1910இல் ஷாங்காயில் தொடங்கிய ஜிங்வு சங்கம், ஒரே கூரையின் கீழ்ப் பல பாணி ஆசான்களை வைத்து, குடும்பத்துக்குள்ளும் சீடர் வட்டத்துக்குள்ளும் இருந்த கலையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பெண்களும் அங்கே பயின்றார்கள். எந்தப் பாணிக்குப் போகிறவரும் முதலில் பொதுவான பத்து அடிப்படை ஃபார்ம்களை (வரிசைப்படி கோத்த அசைவுத் தொடர்களை) கற்க வேண்டும் என்று பாடத்திட்டமும் வகுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே அடித்தளம், அதன் மேல் அவரவர் பாணி. இன்றைக்கும் நல்ல சமுதாயப் பள்ளிகள் ஏறக்குறைய இப்படித்தான் இயங்குகின்றன.

எதற்காகச் சேர்கிறீர்கள்?

இதற்கு ஒரு வரியில் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு வளைய வேண்டும், யாரையாவது எதிர்கொள்ளத் தெரிய வேண்டும், மேடையில் அழகாகச் செய்ய வேண்டும், வயதான காலத்தில் தடுமாறி விழாமல் இருக்க வேண்டும். நான்கும் நியாயமான காரணங்கள்தான். நான்கையும் ஒரே அளவில் தரும் பள்ளி அரிது. "எல்லாமே இங்கே கிடைக்கும்" என்று சொல்லும் இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள்.

பாணிகளைப் பற்றி மேலோட்டமாகத் தெரிந்தால் போதும். விங் சுன் நெருக்கமான தூரத்தில் வேலை செய்வது. வெறுங்கையில் மூன்றே ஃபார்ம்கள், அடித்துப் பழக ஒரு மர டம்மி, நீளக் கோல், இரட்டைக் கத்தி. பாடத்திட்டம் சிறியது, எகிறிக் குதிக்கும் வேலை இல்லை, சின்ன ஹாலில்கூட நடத்தலாம். ஹுங் கார் கால் மடக்கித் தாழ்ந்து நிற்கும் நிலைகளுக்குப் பேர்போனது, முதல் வருடம் முழுக்கத் தொடைதான் பேசும். 1836இல் சான் ஹியுங் உருவாக்கிய சோய் லீ ஃபட்டில் கைகள் நீண்டு சுழலும். தோள்பட்டையில் பழைய காயம் உள்ளவர்கள் சேருமுன் யோசிக்க வேண்டும். நீண்ட எட்டும் உயர்ந்த உதையும் குதிப்பும் கொண்ட வடக்குப் பாணிகள் இளம் உடம்புக்கு இனிக்கும். நாற்பதைத் தாண்டித் தொடங்குகிறவர் அங்கே உயரத்தைக் குறைத்துச் செய்ய மாஸ்டர் இடம் கொடுக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

தாய் சி வகுப்புகளில் பெரும்பாலும் சொல்லித்தருவது 1956இல் சீன அரசு விளையாட்டுத் துறை சுருக்கி அமைத்த 24 அசைவு ஃபார்ம். நல்ல உடற்பயிற்சி. ஆனால் இருவர் கை தொட்டுத் தள்ளிப் பழகும் பயிற்சி அங்கே இல்லையென்றால், தற்காப்பை அதிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது. நவீன வூஷு என்பது மதிப்பெண் வாங்கும் விளையாட்டு. சர்வதேசக் கூட்டமைப்பு 1990இல் அமைந்தது, முதல் உலகப் போட்டி 1991இல் பெய்ஜிங்கில் நடந்தது. அதன் மோதல் வடிவமான சாண்டாவில் குத்து, உதை, வீழ்த்தல் மூன்றும் உண்டு, தரையில் புரளும் சண்டை கிடையாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று: ஒரே பாணிப் பெயரைத் தாங்கிய இரண்டு பள்ளிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும். வீட்டுக்கு அருகில் இருக்கும் நல்ல விங் சுன் பள்ளியை விட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து சுமாரான ஹுங் கார் பள்ளிக்குப் போவதில் அர்த்தமில்லை. பயணம் நீண்டால் தொடர்ந்து வருவது கடினம்.

தேடுவதும் விசாரிப்பதும்

விளம்பரம் செய்யாத பள்ளிகள்தான் நிறைய. சமுதாயக் கூடங்களின் வாராந்தர நேர அட்டவணை, அதிகாலைப் பூங்கா, சீனச் சங்கங்களின் சிங்க நடனக் குழு, மற்ற தற்காப்புக் கலை மாஸ்டர்கள் என்று இந்த வழிகளில் கேட்டால் கிடைக்கும். சிங்க நடனக் குழுவைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தென் சீனப் பாணிப் பள்ளிகள் பலவற்றில் சிங்க நடனமும் குங்ஃபூவும் ஒரே கூரையின் கீழ்தான் நடக்கும்.

இரண்டு மூன்று பெயர் கிடைத்ததும் போன் செய்யுங்கள். கேட்க வேண்டியவை இவைதான்:

- புதியவர்களுக்கு வகுப்பு எடுப்பது யார்? பேர் பெற்ற மாஸ்டரா, மூத்த மாணவரா? மூத்த மாணவர் எடுத்தால் தவறில்லை, மாஸ்டர் அதே நேரத்தில் ஹாலில் இருப்பாரா என்பதே கேள்வி.
- சேருமுன் ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பார்க்கலாமா?
- மாதக் கட்டணம் தவிர வேறென்ன செலவு? சீருடை, தேர்வு, சங்க உறுப்பினர் தொகை, போட்டி?
- ஜோடிப் பயிற்சி எப்போது தொடங்கும், ஸ்பாரிங் (இருவர் கட்டுப்பாட்டோடு மோதிப் பழகுவது) எப்போது?
- அடிபட்டால் முதலுதவி தெரிந்தவர் யார்? விபத்துக் காப்பீடு உண்டா?

இரண்டாவது கேள்விக்கு "பார்க்க முடியாது, ரகசியம்" என்ற பதில் வந்தால் அடுத்த பெயருக்குப் போய்விடலாம். ஆரம்ப வகுப்பில் மறைக்க எதுவும் இல்லை. இன்னொன்று: இந்தக் கேள்விகளுக்குக் குரல் உயராமல் பதில் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சந்தேகம் கேட்டால் கோபப்படுகிறவர் வகுப்பிலும் அப்படித்தான் இருப்பார்.

ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்ப்பது

பத்து நிமிடம் முன்னதாகப் போய், முடிந்து பதினைந்து நிமிடம் கழித்துக் கிளம்புங்கள். வகுப்புக்கு முன்னும் பின்னும் நடப்பது வகுப்பைவிட அதிகம் சொல்லும். மூத்தவர்கள் புதியவர்களிடம் பேசுகிறார்களா, பாயை விரிப்பது யார், மாஸ்டர் வருவதற்கு முன்பே தானாக யாராவது பயிற்சி செய்கிறார்களா என்று பாருங்கள். தானாகப் பயிற்சி செய்கிறவர்கள் மூன்று பேராவது இருந்தால் நல்ல அறிகுறி.

முதலில் தலைகளை எண்ணுங்கள். புதியவர்கள் நிறைய, மிக மூத்தவர்கள் இரண்டு பேர், நடுவில் யாருமே இல்லை என்றால் பள்ளி ஓட்டைப் பானை: ஊற்ற ஊற்ற ஒழுகுகிறது. ஆட்கள் ஏன் இரண்டாம் வருடத்தில் காணாமல் போகிறார்கள் என்று கேளுங்கள். எல்லோரும் பத்துப் பதினைந்து வருடப் பழையவர்கள், புதிய முகமே இல்லை என்றால், அது நண்பர் வட்டம். நல்லவர்களாக இருக்கலாம், உங்களுக்குச் சொல்லித்தரப் பொறுமை இருக்குமா தெரியாது. புதியவர், நடுத்தரம், மூத்தவர் என மூன்று அடுக்கும் இருக்கும் இடமே ஆரோக்கியமானது.

தொண்ணூறு நிமிட வகுப்பு என்றால் ஏறக்குறைய இப்படிப் பிரியும்: வார்ம்-அப் 10 முதல் 15 நிமிடம், நிலைகளும் அடிப்படைக் குத்து உதைகளும் 20 முதல் 25, ஃபார்ம் 20, ஜோடிப் பயிற்சி 20 முதல் 25, கடைசியில் தசை தளர்த்தல். இந்த விகிதம் நாளுக்கு நாள் மாறும். ஆனால் ஒரு வாரத்தில் ஏதாவது ஒரு பகுதி முற்றிலும் காணாமல் போனால் காரணம் கேளுங்கள். ஓட்டம், தண்டால், உட்கார்ந்து எழுந்திருத்தல் என்று நாற்பது நிமிடம் போக்கிவிட்டு மீதியில் அவசரமாக ஒரு ஃபார்ம் ஓட்டும் வகுப்புகள் ஏராளம். வியர்வை கொட்டும், திருப்தியாக இருக்கும், கற்றது ஒன்றும் இருக்காது. வார்ம்-அப்பில் கை கால்களை வீசி, சுழற்றி, உடம்பைச் சூடேற்றுவதே முறை. ஓரிடத்தில் அசையாமல் வெகுநேரம் இழுத்துப் பிடிப்பது வகுப்பின் முடிவுக்கு உரியது. முதலிலேயே செய்தால் உதையின் விசை குறையும்.

இப்போது அந்த மூன்றாம் வருட மாணவரைத் தேடுங்கள். யார் என்று தெரியாவிட்டால் மாஸ்டரிடமே கேட்கலாம். அவரிடம் பார்க்க வேண்டியவை:

குதிரை நிலையில் (கால்களை அகற்றி, குதிரை மேல் உட்கார்ந்ததுபோல் மடக்கி) நிற்கும்போது முழங்கால் எந்தப் பக்கம் போகிறது? கால் விரல் காட்டும் திசையிலேயே முழங்காலும் இருக்க வேண்டும். உள்பக்கம் மடங்கி விழுந்தால் மூட்டின் உள்பக்கத் தசைநாரில் பாரம் ஏறும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது, மூன்று வருடத்தில் ஆகும். தாழ்ந்து நிற்பது பெருமை என்று சொல்லி முழங்காலைச் சரிசெய்யாத பள்ளி, நல்ல உடம்போடு வந்தவரை நொண்டியாக அனுப்பும். இதே கண்ணோடு திரும்பும் அசைவுகளையும் பாருங்கள். உடம்பு திரும்பும்போது பாதமும் சேர்ந்து திரும்ப வேண்டும், அல்லது திருப்பம் இடுப்பிலிருந்து வர வேண்டும். பாதம் தரையில் ஒட்டி, முழு எடையும் அதன் மேல் இருக்க, மேல் உடம்பு மட்டும் முறுக்கினால் அந்த முறுக்கை வாங்குவது முழங்கால்தான். தாய் சி மெதுவானது என்பதால் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அவர் தலை ஏறி இறங்குகிறதா, ஒரே மட்டத்தில் போகிறதா? எழும்பி எழும்பி நடந்தால் கால் இன்னும் தயாராகவில்லை. குத்திய கை திரும்பி வருகிறதா, அங்கேயே தொங்குகிறதா? உதைத்த கால் கட்டுப்பாட்டோடு இறங்குகிறதா, பொத்தென்று விழுகிறதா? மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிறாரா? இவை நான்கும் தொலைவிலிருந்து பார்த்தாலே தெரியும், குங்ஃபூ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து, அவர் ஃபார்மில் செய்யும் ஓர் அசைவு எதற்கு என்று அவருக்குத் தெரியுமா? இடைவேளையில் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். "இந்தக் கை எதற்கு?" நல்ல பள்ளியில் அவர் ஒரு நண்பரைக் கூப்பிட்டு, மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லி, செய்து காட்டிவிடுவார். "அது பிறகு சொல்வார்கள்" என்ற பதில் ஆறாம் மாதத்தில் சரி. மூன்றாம் வருடத்தில் சரியில்லை.

திருத்தம் நடக்கும் விதம் இன்னொரு பெரிய தடயம். மாஸ்டர் வரிசைக்குள் நடந்து வருகிறாரா, முன்னால் நின்று எண்ணிக்கை மட்டும் சொல்கிறாரா? திருத்தும்போது "தப்பு, மறுபடி செய்" என்று நிறுத்திவிடுகிறாரா, "எடையைப் பின்காலுக்குக் கொண்டு போ" என்று செய்ய வேண்டியதைச் சொல்கிறாரா? ஒரு வகுப்பில் ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு முறையாவது தனிக் கவனிப்பு கிடைக்க வேண்டும். ஒரு மாஸ்டருக்கு 12 முதல் 15 புதியவர் வரை தாங்கும். அதற்கு மேல் என்றால் உதவிக்கு மூத்தவர்கள் இறங்க வேண்டும். திருத்தத்துக்காகத் தொடுமுன் கேட்டுத் தொடுகிறாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்க அனுமதி மறுக்கும் வகுப்பு என்றால் அன்றோடு சரி.

ஸ்பாரிங் இல்லாத பள்ளியும் ஸ்பாரிங் மட்டுமே உள்ள பள்ளியும்

"எங்கள் கலை மிகவும் ஆபத்தானது, அதனால் ஸ்பாரிங் செய்வதில்லை" என்பது அடிக்கடி கேட்கும் வசனம். கண்ணைக் குத்தும் உத்தியைப் பயிற்சியில் முழு வேகத்தில் செய்ய முடியாது, உண்மை. ஆனால் தூரம், நேரம், பதற்றத்தில் மூச்சு, எதிராளி ஒத்துழைக்காதபோது என்ன செய்வது ஆகியவற்றை யாருடைய கண்ணையும் குத்தாமல் கற்கலாம். எதிர்ப்பே இல்லாத பயிற்சியில் எல்லா உத்தியும் வேலை செய்யும். அதுதான் அதன் குறை. தொடாமலே ஆளை வீழ்த்திக் காட்டும் டெமோ நடந்தால், விழுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பள்ளி மாணவர்கள்தானா என்று மட்டும் பாருங்கள்.

படிப்படியாக ஏற்றுவது சரியான முறை. முதலில் ஒரே அடி, ஒரே தடுப்பு, சொல்லிவைத்தபடி. பிறகு அடி எப்போது வரும் என்று தெரியாமல். பிறகு இரண்டு மூன்று அடிகளில் எது வரும் என்று தெரியாமல். பிறகு இருவரும் அடிக்கலாம், வேகம் பாதி. கடைசியில்தான் கையுறை, கவசத்தோடு கட்டற்ற ஸ்பாரிங். புதியவர் இந்தக் கடைசிப் படிக்கு வர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் எடுப்பது இயல்பு. விங் சுன்னில் இருவர் கைகளை ஒட்டிவைத்துப் பழகும் சி சாவ், தாய் சியின் தள்ளு கை இரண்டும் தொடுஉணர்ச்சியை வளர்க்கும் அருமையான பயிற்சிகள். அவற்றையே ஸ்பாரிங் என்று நினைத்துக்கொண்டால், கை தொடும் தூரத்துக்கு வெளியே இருந்து வரும் முதல் அடியிலேயே குழப்பம் வந்துவிடும்.

மறு ஓரமும் உண்டு. முதல் வாரமே புதியவரை மூத்தவரோடு மோதவிட்டு "மனத்திடம் வரும்" என்று சொல்லும் இடங்கள். அங்கே வருவது மூளை அதிர்ச்சிதான். பல்காப்பு, இடுப்புக் காப்பு, கணுக்கால் முதல் முழங்கால் வரை காப்பு, பெரியவர்களுக்கு 16 அவுன்ஸ் கையுறை இவை குறைந்தபட்சம். தலைக்கவசம் வெட்டுக் காயத்தைக் குறைக்கும், மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. அமெச்சூர் ஆண்கள் குத்துச்சண்டையின் உயர்மட்டப் போட்டிகளில் 2013இலேயே தலைக்கவசத்தை எடுத்துவிட்டார்கள். எனவே கவசம் போட்டிருப்பதால் பலமாக அடிக்கலாம் என்ற எண்ணம் ஒரு பள்ளியில் இருந்தால் ஆபத்து. தலையில் பட்டுக் கண் இருட்டியவரை அன்றைக்கே மறுபடி இறக்கினால், அந்தப் பள்ளியைப் பற்றி வேறெதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அடிபடும்போது மாணவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பாருங்கள். தவறிப் பலமாகப் பட்டதும் அடித்தவர் நிறுத்தி விசாரிக்கிறாரா? பலவீனமான ஜோடி கிடைத்தால் விசையைக் குறைக்கிறாரா? மூன்றாம் வருட மாணவர் ஒரு புதியவரோடு ஸ்பாரிங் செய்யும் மூன்று நிமிடம், சுவரில் மாட்டிய எல்லாச் சான்றிதழையும்விட மேலான சாட்சி.

பரம்பரையும் சான்றிதழும்

மாஸ்டர் யாரிடம், எத்தனை வருடம், எந்த ஊரில் கற்றார் என்று கேட்பது தவறல்ல. குங்ஃபூ உலகில் அது சாதாரணக் கேள்வி. நேர்மையானவர் தன் சிஃபுவின் (ஆசானின்) பெயரைச் சொல்வார், அவருடைய மற்ற மாணவர்களையும் சொல்வார், தான் முழுவதும் கற்காத பகுதி எது என்றும் சொல்வார். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். எட்டுப் பாணி, இருபது ஆயுதம், எல்லாவற்றிலும் தலைமைப் பட்டம் என்றால் கணக்கு உதைக்கிறது. ஷாவோலின் கோயிலைச் சுற்றியுள்ள டெங்ஃபெங் நகரில் பெரிய பயிற்சிப் பள்ளிகள் நிறைய உண்டு, சில வாரப் பயிற்சிக்கும் சான்றிதழ் கிடைக்கும். ஆகவே "ஷாவோலினில் பயின்றவர்" என்றால் எத்தனை நாள் என்பது அடுத்த கேள்வி.

இடுப்பில் கட்டும் பட்டை விஷயத்தில் குழம்ப வேண்டாம். நிறப் பட்டையால் தரம் பிரிப்பது ஜூடோவிலிருந்து மற்றக் கலைகளுக்குப் பரவிய வழக்கம். பழைய குங்ஃபூ பள்ளிகளில் அது கிடையாது. இன்று பல பள்ளிகள் வைத்திருக்கின்றன, வைத்திருப்பதில் குற்றமும் இல்லை. பெரிய கூட்டத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று மாஸ்டருக்கு ஒரு பார்வையில் புரியும். தேர்வில் தோற்றவர்கள் யாராவது உண்டா என்று மட்டும் விசாரியுங்கள். பணம் கட்டிய அனைவரும் ஒவ்வொரு முறையும் தேறினால் அது தேர்வல்ல.

குழந்தையைச் சேர்ப்பவர்களுக்கு

பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்க அனுமதி இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. மாஸ்டரோ மூத்த மாணவரோ குழந்தைக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது, தகவல் பெற்றோர் வழியாக வர வேண்டும். போட்டிக்கு வெளியூர் போனால் யார் யாரோடு தங்குவது என்பது முன்கூட்டியே எழுத்தில் வேண்டும். இவற்றைக் கேட்டதும் "எங்களை நம்பவில்லையா?" என்று புண்படுகிறவரிடம் சேர்க்காதீர்கள். நல்ல பள்ளி இவற்றை நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லும்.

உடம்பைப் பொறுத்தவரை இரண்டு ஆபத்துகள். ஒன்று, முதுகில் ஏறி உட்கார்ந்து அல்லது தோளை அமுக்கி, கால்களைத் தரையோடு விரிக்கும் ஸ்ப்ளிட் போடவைப்பது. வளரும் வயதில் தொடைப் பின்தசை ஒட்டியிருக்கும் இடுப்பெலும்பு முனை இன்னும் முழுதாக இறுகியிருக்காது. பலமாக இழுத்தால் தசை கிழிவதற்குப் பதில் எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம். இன்னொன்று, கை முட்டியை மரத்திலும் மணலிலும் குத்திக் கெட்டிப்படுத்துவதும், பலகை உடைப்பதும். இவை சிறுவர்களுக்கு வேண்டவே வேண்டாம். பெரியவர்களுக்கும் முதல் இரண்டு வருடம் தேவையில்லை.

கெட்டிப்படுத்தும் பயிற்சிக்குப் பூசும் தித் தா தைலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில தயாரிப்புகளில் வச்சநாபி இனத்து வேர் சேரும், அது கொடிய நஞ்சு. ஆறாத காயத்தில் பூசக் கூடாது, பூசிய கையோடு சாப்பிடக் கூடாது, குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. புட்டியில் என்ன இருக்கிறது என்று மாஸ்டருக்கே தெரியாவிட்டால் பூசிக்கொள்ளாதீர்கள்.

பணம்

சமுதாயப் பள்ளியில் மாதா மாதம் கட்டுவதே சரி. வருடம் முழுமைக்கும் முன்பணம், நடுவில் நின்றால் திருப்பித் தர முடியாது, "இத்தனை வருடத்தில் கருப்புப் பட்டை உறுதி" என்ற ஒப்பந்தம் ஆகிய மூன்றும் வியாபாரத்தின் அடையாளங்கள். முதல் வருடத்தின் மொத்தச் செலவை ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள்: பன்னிரண்டு மாதக் கட்டணம், சீருடை, காப்பு சாமான்கள், தேர்வுகள், சங்கத் தொகை. மாதக் கட்டணம் குறைவாகத் தோன்றும் இடத்தில் தேர்வுக் கட்டணம் பலமாக இருக்கும். ஆயுதங்களைப் பள்ளியில்தான் வாங்க வேண்டும் என்ற விதியிருந்தால் அந்த விலையையும் கேளுங்கள். முதல் வருடத்தில் ஆயுதமோ மர டம்மியோ வாங்கும் அவசியமே இல்லை.

இலவசமாக நடக்கும் வகுப்பு என்றால் வேறு கேள்விகள்: வாடகை யார் தருகிறார்கள், ஹால் இல்லாத வாரம் என்ன செய்வார்கள், மாஸ்டர் நோயில் படுத்தால் யார் எடுப்பார்கள்? ஒரே ஒருவரை நம்பி நிற்பது சமுதாயப் பள்ளியின் இயல்பான பலவீனம். வகுப்பெடுக்கப் பழக்கப்பட்ட இரண்டு மூத்த மாணவர்கள் இருந்தால் கவலை பாதியாகக் குறையும்.

இடம்

வழவழப்பான டைல்ஸ் தரையில் வியர்வை சொட்டினால் உதைக்கும் காலைவிட நிற்கும் கால்தான் முதலில் வழுக்கும். வெறும் சிமென்ட் தரையில் குதிப்புப் பயிற்சி வாரம் மூன்று நாள் என்றால் முன்னங்கால் எலும்பும் குதிகாலும் வலிக்கத் தொடங்கும். மரத்தரை மிக நல்லது. வீழ்த்தல் சொல்லித்தந்தால் பாய் கட்டாயம், பாய்களுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. ஆளுக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடம் வேண்டும். கோல் என்றால் அதற்கு இருமடங்கு.

கூரை உயரத்தை யாரும் பார்ப்பதில்லை. புருவ உயரக் கோலை நடுவில் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றினால் முனை ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தைத் தொடும். மின்விசிறி தொங்கும் ஹாலில் கோல் வகுப்பு நடந்தால் ஒதுங்கி நில்லுங்கள். எட்டு ஒன்பது அடி நீளமுள்ள விங் சுன் கோலுக்குப் பெரும்பாலும் வெளிமைதானம்தான் கதி.

முதல் மாதம்

இரண்டு மூன்று பள்ளிகளைப் பார்த்தபின் ஒன்றில் ஒரு மாதம் போங்கள், குறைந்தது எட்டு வகுப்பு. தொடையிலும் தோளிலும் வலி இருக்கும். இரண்டு மூன்று நாளில் போய்விட்டால் அது தசை வலி. மூட்டுக்குள் குத்தும் வலி, ஒரே பக்கம் மட்டும் வரும் வலி, இரவில் எழுப்பும் வலி இவை அப்படியல்ல. மாஸ்டரிடம் சொல்லுங்கள். "பொறுத்துக்கொள்" என்கிறாரா, நிலையை உயர்த்தி நிற்கச் சொல்லி எங்கே தவறு என்று தேடுகிறாரா? இந்த ஒரு பதில் பல வருட உழைப்பின் திசையை முடிவு செய்யும்.

மாதக் கடைசியில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது: போன மாதம் செய்யத் தெரியாத எதை இப்போது செய்ய முடிகிறது? ஒரு நிலையில் ஒரு நிமிடம் சரியாக நிற்பது, ஒரு நேர்க்குத்தைத் தோள் தூக்காமல் குத்துவது, ஒரு தடுப்பு என்று சின்னதாக இருந்தாலும் போதும். நான்கு ஃபார்ம்களின் தொடக்கம் தெரியும், ஒன்றும் முழுதாகத் தெரியாது என்றால் அவசரப் பள்ளி. மாறாக, முதல் மாதம் முழுதும் நிலையும் நேர்க்குத்தும் மட்டும்தான் என்றால் சலிப்பாக இருக்கும், பள்ளி சரியாகத்தான் போகிறது.

அருகில் தேறிய பள்ளி ஒன்றுமே இல்லை என்றால், நல்ல ஜூடோ அல்லது குத்துச்சண்டை வகுப்பில் ஒரு வருடம் இருங்கள். கால் ஊன்றுவது, விழுவது, அடி வாங்கினாலும் கண் மூடாமல் இருப்பது எல்லாம் குங்ஃபூவுக்கு அப்படியே உதவும். மோசமான பள்ளியில் மூன்று வருடம் இருந்து படிந்த பழக்கத்தைக் கழற்ற அதைவிட நாளாகும்.

சேர்ந்த பள்ளியிலிருந்து விலக நேர்ந்தால் நேரில் சொல்லிவிட்டு, மாதக் கட்டணத்தைத் தீர்த்து, இரவல் வாங்கிய சாமான்களைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மாஸ்டர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள், புதிய இடத்தில் உங்களைப் பற்றி விசாரிப்பார்கள். அங்கே முன்பு எங்கே பயின்றீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பழைய ஃபார்மை வீட்டில் ஓட்டிக்கொள்ளலாம், புதிய வகுப்பில் முதல் ஆறு மாதம் அதை வெளியே எடுக்க வேண்டாம். இரண்டு பாணிகளில் குதிரை நிலையின் அகலமே வேறுவேறாக இருக்கும், புதிய மாஸ்டர் எதைத் திருத்துவது என்று தெரியாமல் திணறுவார்.